இதழ் எங்கே வாழ்கிறது? கோலார் தங்கவயலின் ‘தமிழன்’ முதல் இன்றைய வலையொலி வரை

(நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் சுருக்கவில்லை.)

சென்ற மாதம் பெங்களூரில் ஆய்வு மாணவர்கள் ஆறு பேர் கூடினோம். பெங்களூரு, கோலார் தங்கவயல் பகுதிகளின் தமிழ்ப் பேச்சு வழக்கைப் பற்றி ஒரு வலையொலித் தொடரும், மாதம் ஒருமுறை ஒரு செய்திமடலும் தொடங்குவது நோக்கம். உள்ளடக்கம் பற்றிய பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எந்தத் தளத்தில் வைப்பது என்ற பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டும் முடியவில்லை. எது இலவசம், எது பார்வைக்கு அழகு, எதில் கேட்போர் மிகுதி என்ற மூன்று கேள்விகளையே சுற்றி வந்தோம். இவை பயனற்ற கேள்விகள் அல்ல. ஆனால் இவற்றுக்கு முன்னரே கேட்க வேண்டிய வேறு கேள்விகள் உள்ளன என்பதை நான் பட்டறிந்தவன். எனவே அன்று அவகாசம் கேட்டேன். இப்பதிவு அந்த அவகாசத்தின் விளைவு.

முதுகலை மொழியியல் படித்த காலத்தில் ஓர் இலவச ஒலித்தளத்தில் சிறு தொடர் ஒன்றை நடத்தினேன். முதியவர்களுடனான அரைமணி நேர உரையாடல்கள் அவை. கணக்கைத் தொடங்கியது கல்வி நிறுவனம் தந்த மின்னஞ்சல் முகவரியில். படிப்பு முடிந்ததும் அந்த முகவரி முடங்கியது. அதைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. பின்னர் அத்தளம் மூடப்பட்டது. முன்னறிவிப்பு முறையாகவே வந்திருக்க வேண்டும். ஆனால் அது சென்று சேர்ந்த முகவரியில் நான் இல்லை. பெரும்பாலான மூலக் கோப்புகள் என் கணினியில் இருந்தன. நான்கு இல்லை. அவற்றுள் ஒன்று, தங்கவயலின் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் நிலத்தடி வேலைகளுக்கும் கருவிகளுக்கும் வழங்கிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி விளக்கியது. அவர் மறைந்த சில வாரங்களுக்குப் பின் அவருடைய பேத்தி என்னை அழைத்து, “அண்ணா, தாத்தா பேசினது இருக்குல்ல, அந்த லிங்க் தொறக்க மாட்டேங்குது” என்றார். என்னிடம் விடை இல்லை.

ஓர் இதழ் உண்மையில் எங்கே வாழ்கிறது? அச்சிடப்படும் இடத்திலா, அதைச் சுமந்து செல்லும் வழியிலா, பெறுவோர் கையிலா? இக்கேள்வி கணினிக் காலத்தது அன்று. நூறாண்டுகளுக்கு முன் தமிழ் இதழ்கள் இரண்டு இதற்கு வெவ்வேறு விடைகளைக் கண்டன.

*

முதலாவது ‘இந்தியா’. 1906இல் சென்னையில் தொடங்கிய இவ்வார இதழை மண்டயம் குடும்பத்தார் நடத்தினர். ஆசிரியப் பணியைச் செய்தவர் பாரதி. அதற்கு முன் அவர் ‘சுதேசமித்திர’னில் உதவியாசிரியர். அங்கே இடமிருந்தது, ஊதியமும் இருந்தது. எழுத நினைத்த அளவுக்கு எழுதும் சுதந்திரம் இல்லை. ஆகவே பாரதியைப் பொறுத்தவரை ‘இந்தியா’ ஒரு தளமாற்றம்.

அன்று நடைமுறையில் இருந்தது 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம். அச்சிடுபவரும் வெளியிடுபவரும் நடுவர் முன் தம் பெயரால் உறுதிமொழி அளிக்க வேண்டும். (இச்சட்டம் 2024 மார்ச் 1ஆம் நாள் வரை நடைமுறையில் இருந்து, அதன்பின்னரே புதிய சட்டத்துக்கு வழிவிட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.) ‘இந்தியா’வின் சட்டப் பதிவேட்டில் இருந்த பெயர் பாரதியுடையதன்று, எம். சீனிவாசன் என்பவருடையது. 1908இல் அரசதுரோக வழக்கு வந்தபோது கைதாகித் தண்டனை பெற்றவரும் அவரே. எழுதியவர் ஒருவர், பொறுப்பேற்றவர் இன்னொருவர். ஒரு வெளியீடு யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பது வெறும் அலுவலக நடைமுறை அன்று என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

பாரதி பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார். அச்சு இயந்திரமும் பின்தொடர்ந்தது. 1908 அக்டோபரில் ‘இந்தியா’ அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. இன்றைய மொழியில் சொன்னால், வேற்று நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட வழங்கிக்கு இதழ் மாற்றப்பட்டது. பிரிட்டிஷ் அரசால் புதுச்சேரியில் இருந்த அச்சகத்தைப் பூட்ட இயலவில்லை. ஆனால் அதைப் பூட்ட வேண்டிய தேவையும் அதற்கு இருக்கவில்லை. வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தனர். அவர்களிடம் இதழைச் சேர்க்க அஞ்சலைத் தவிர வேறு வழியில்லை. அரசு இதழ் உள்ளே வருவதைத் தடை செய்தது. 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றது. ‘விஜயா’ முதலிய புதுச்சேரி வெளியீடுகளும் அதே காலத்தில் நின்றன.

இடம் பாதுகாப்பாக இருந்தது, ஆசிரியர் இருந்தார், வாசகரும் இருந்தனர். இடையிலிருந்த வழி ஒன்றே ஒன்று, அதுவும் பிறர் கையில். தளம் தேர்வோர் பெரும்பாலும் இடத்தைப் பற்றியே ஆராய்கின்றனர். ‘இந்தியா’ வீழ்ந்தது வழியில்.

*

இரண்டாவது இதழின் வரலாறு எங்கள் ஊருக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. 1907 ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். நான்கு பக்கங்கள், விலை காலணா, அதாவது ஒரு பைசா. விலையே இதழின் பெயராகவும், யாருக்காக வருகிறது என்பதன் அறிவிப்பாகவும் அமைந்தது. ஓராண்டுக்குப் பின் அது ‘தமிழன்’ ஆயிற்று.

அவர் 1898இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குப் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும், கடல்கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிளைகள் இருந்தன. சங்கத்தின் கிளைகளே இதழின் கிளைகளுமாயின. தங்கவயலில் சுரங்க வேலைக்கென வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் மிகுந்திருந்தனர். இதழுக்கு அவர்கள் வாசகர்கள் மட்டுமல்லர். கடிதம் எழுதினர், செய்தி அனுப்பினர், கேள்வி கேட்டனர், பொருள் உதவினர்.

1914 மே 5ஆம் நாள் அயோத்திதாசர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் சில காலம் நடத்தினார்; பின்னர் இதழ் நின்றது. பொதுவாக இத்தகைய வரலாறுகள் இங்கே முடிந்துவிடும். ஆனால் 1926இல் ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்தது, சென்னையிலிருந்து அன்று. கோலார் தங்கவயலிலிருந்து, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு. அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாகவும் வெளியிட்டது. இதழ் தன் வாசகர்களிடம் குடிபெயர்ந்தது என்று இதைச் சொல்லலாம். அச்சிடும் இடம் ஒழிந்த பின்னும் பெறுவோர் வட்டம் ஒழியவில்லை. அந்த வட்டமே புதிய அச்சிடத்தை உண்டாக்கிக்கொண்டது.

இரண்டாம் முறையும் இதழ் நின்றது. பெரும் நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் அதைப் பேணும் கடமையை ஏற்கவில்லை. தமிழ்ப் பொது வரலாறுகளில் அயோத்திதாசரின் பெயர் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் வெளியிடப்பட்ட பின்னரே இன்றைய ஆய்வுலகம் அவரை மீளக் கண்டது. அத்தொகுப்பு ஏன் இயன்றது? அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய ‘தமிழன்’ இதழ்களைத் தம் பொறுப்பில் காத்து வைத்திருந்ததால். இன்று பல்கலைக்கழகங்களில் அயோத்திதாசரைப் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள், பெறுவோர் கையில் எஞ்சிய படிகளுக்குக் கடன்பட்டவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்விரு இதழ்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. ‘இந்தியா’ அரசை நேரடியாக எதிர்த்தது. ‘தமிழன்’ சுதேசி இயக்கத்தின் சாதிய அடித்தளத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. ஆகவே அரசின் சினம் அதன்மேல் அதேபோல் பாயவில்லை. அஞ்சல் தடை ‘தமிழ’னுக்கு வந்திருந்தால் அதுவும் வீழ்ந்திருக்கலாம். எனவே ஒன்று வென்றது, மற்றது தோற்றது என்பது என் வாதம் அன்று. ஓர் இதழின் வாழ்வு ஐந்து கூறுகளால் ஆனது என்பதும், அவை தனித்தனியே அறுபடக்கூடியவை என்பதுமே இங்கு நாம் கொள்ள வேண்டியவை: பெயர், இடம், வழி, பெறுவோர் பட்டியல், படிகள்.

*

இணையத் தமிழின் வரலாற்றிலும் இந்த ஐந்தையே காண்கிறோம். 1995இல் பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து தொடங்கிய ‘தமிழ்.நெட்’ மடற்குழு முதற்கொண்டு, உலகெங்கும் சிதறியிருந்த தமிழர் மின்னஞ்சல் வழியே ஒன்றுகூடினர். யாஹூ குழுமங்களில் ‘அகத்தியர்’, ‘இராயர் காப்பி கிளப்’, ‘மரத்தடி’ என ஒரு தலைமுறையின் உரையாடல் நிகழ்ந்தது. 2019 டிசம்பரில் யாஹூ அக்குழுமங்களில் சேர்ந்திருந்த உள்ளடக்கத்தை நீக்கத் தொடங்கியது. 2020 டிசம்பர் 15இல் சேவை முழுவதும் நின்றது. தமிழர் பலர் தனிப்பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரிலேயே மறைந்திருந்தது.

மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னோர் இழப்பும் உண்டு. யூனிகோடு பரவலாவதற்கு முன் ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருக் குறியாக்கத்தைக் கையாண்டது. பக்கம் பிழைத்தாலும் எழுத்துரு இல்லையெனில் அது படிக்க இயலாத குறிகளின் குவியல். ஆறாவது கூறாகக் கோப்பின் வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு நல்ல மறுமொழி. முதலில் டிஸ்கி குறியாக்கத்தில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றினர். எவரும் இறக்கிக்கொள்ள இடமளித்தனர். இன்று அந்நூல்களின் படிகள் எத்தனை கணினிகளில் உள்ளன என்பதை எவரும் எண்ண முடியாது. அதுவே அதன் பாதுகாப்பு.

அண்மைக் காலப் பட்டியல் இன்னும் நீளமானது. ட்விட்டர் வாங்கிய ரெவ்யூ செய்திமடல் சேவை 2023 ஜனவரியில் மூடப்பட்டது. மெயில்சிம்ப்பின் டைனிலெட்டர் 2024 பிப்ரவரி 29இல் முடிந்தது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2018இல் தோன்றி 2024இல் மறைந்தது. இந்திய மொழிகளுக்கென்றே பெங்களூரில் 2020இல் பிறந்த ‘கூ’ 2024 ஜூலையில் நின்றது. நம் ஊர், நம் மொழி என்பதும் நிலைபேற்றுக்கு உறுதி அன்று. இவற்றை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நிறுவனம் ஒன்று தன் சேவையை மூடுவது அதன் உரிமை. அந்த உரிமை நம் நினைவகத்தின்மேல் பாயும்படி நாம் அமைத்துக்கொண்டதே பிழை.

*

இனி எங்கள் தேர்வுக்கு வருகிறேன். மேற்சொன்ன கூறுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.

வலையொலியின் உள்ளமைப்பு எளிது. ஒலிக்கோப்புகள் ஓரிடத்தில் இருக்கும். அவற்றின் தலைப்பு, நாள், முகவரி ஆகியவற்றைப் பட்டியலிடும் சிறு உரைக்கோப்பு ஒன்று இருக்கும். அதுவே ஆர்எஸ்எஸ் ஓடை. கேட்போரின் செயலிகள் அவ்வோடையை அவ்வப்போது படித்துப் புதிய பகுதிகளைப் பெறுகின்றன. 2000ஆம் ஆண்டின் இறுதியில் டேவ் வைனர் இவ்வோடையில் ஒலிக்கோப்பை இணைக்கும் வசதியைச் சேர்த்தார். பாட்காஸ்ட் என்னும் பெயர் 2004இலும், ஐடியூன்ஸில் அதற்கு இடம் 2005இலும் வந்தன. இன்றும் ஆப்பிள் உள்ளிட்ட பல செயலிகள் இவ்வோடையையே நம்பியுள்ளன. எனவே கோப்பு எங்கே இருக்கிறது என்பதைவிட, ஓடையின் முகவரி யாருடையது என்பதே முதன்மையானது. முகவரி நம் சொந்தக் களப்பெயரில் இருந்தால், பின்னால் உள்ள கிடங்கை மாற்றலாம். கேட்பவர் அறியவும் மாட்டார். முகவரி தளத்துக்குரியது எனில், நாம் விலகும்போது பழைய தளம் புதிய முகவரிக்கு வழிமாற்றம் தர வேண்டும். தளமே மூடப்பட்டு, வழிமாற்றமும் இல்லையெனில் கேட்போர் அனைவரும் ஒரே நாளில் தொலைந்துவிடுவர். எனக்கு நேர்ந்தது அதுதான்.

செய்திமடலில் மையம் பெறுவோர் பட்டியல். யூடியூப் சந்தாதாரர் எத்தனை ஆயிரமாயினும் அவர்களின் முகவரி நமக்குக் கிடைக்காது. வாட்ஸ்அப் சேனலிலும் அப்படியே. அவை பறைசாற்ற நல்ல இடங்கள், குடியிருக்க அல்ல. சப்ஸ்டேக் பட்டியலை முழுமையாக ஏற்றுமதி செய்ய விடுகிறது, தொடங்குவதும் எளிது. கட்டணச் சந்தா எனில் 10 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது; பணப்பரிமாற்றத்துக்கு ஸ்ட்ரைப் நிறுவனத்தை நம்புகிறது. ஸ்ட்ரைப்போ 2024 முதல் இந்தியாவில் அழைப்புப் பெற்றோரை மட்டுமே சேர்க்கிறது. இலவச மடலுக்கு இது தடையன்று. நாளை கட்டணம் வைக்க எண்ணுவோர் இன்றே அறிந்திருக்க வேண்டும். கோஸ்ட் திறந்தமூல மென்பொருள். இலாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்றால் நடத்தப்படுவது. பெங்களூரிலேயே உருவான லிஸ்ட்மாங்க் என்னும் திறந்தமூல மடல் மென்பொருளும் உண்டு. ஜெரோதாவின் கைலாஷ் நாத் உருவாக்கியது. மலையாளத்துக்கு ‘ஓளம்’ அகராதியைத் தந்தவரும் அவரே என்பது மொழி மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் இதைச் சொந்தமாக நிறுவினால் வழங்கியைக் கவனிக்க ஒருவர் வேண்டும். ஆய்வு மாணவர் குழுவில் அந்த ஒருவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டால் அடுத்தவர் யார்? சொந்த வீடு எனில் கூரை ஒழுகுவதும் நம் பொறுப்பே.

வழியும் இன்று முற்றிலும் நம் கையில் இல்லை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும், பெருமளவில் மடல் அனுப்புவோர் தம் களப்பெயருக்கு உரிய சான்றுறுதிகளை அமைத்திருக்க வேண்டும் என்கின்றன. சிறிய குழுவாயினும் அவற்றை அமைக்காவிடில் மடல் குப்பைப் பெட்டிக்குச் செல்ல வாய்ப்பு மிகுதி. 1910இன் அஞ்சல் தடையோடு இதை ஒப்பிட மாட்டேன். அது அடக்குமுறை, இது பெரும்பாலும் பாதுகாப்பு. ஆயினும் வழியின் காவலர் எவர் என்பதை அறிந்திருப்பது நன்று.

படிகளைப் பற்றிய அச்சம் தேவையற்றது. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் ஒற்றைத்தட ஒலி போதும். அரைமணி நேரம் ஏறத்தாழ 14 எம்பி. நாற்பது பகுதிகளும் சேர்ந்து 600 எம்பிக்குள் அடங்கும். ஒலியியல் ஆய்வுக்குப் பயன்படும் தரத்தில், அதாவது 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் கோப்புகளாக மூலத்தை வைத்தாலும் நாற்பது பகுதிகள் 11 ஜிபியைத் தாண்டா. ஒரு பென்டிரைவ் கொள்ளும் அளவு. நான்கு பகுதிகளை நான் இழந்தது இடமின்மையால் அன்று.

ஆகவே குழுவின் முன் நான் வைக்கப்போவது இதுதான். சொந்தக் களப்பெயர் ஒன்றை வாங்குவோம். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகும். அதை எவருடைய கல்லூரி முகவரியிலும் பதியாமல், இருவர் அணுகக்கூடிய பொது முகவரியில் பதிவோம். மடலுக்கு இப்போதைக்குப் பட்டியலை ஏற்றுமதி செய்ய விடும் ஆயத்தச் சேவை ஒன்று போதும். பட்டியலை மாதந்தோறும் இறக்கி வைப்போம். பெறுவோரின் முகவரி தனிநபர் தரவு. ஒப்புதலின்றி எவரையும் சேர்க்கவோ, பட்டியலைப் பிறருக்குத் தரவோ கூடாது. ஒலித்தொடரின் ஓடை நம் களப்பெயரில் இருக்கட்டும். கோப்புகள் வாடகைக் கிடங்கில் இருக்கலாம். ஒரு படி இன்டர்நெட் ஆர்க்கைவில். அதையும் தனியே நம்ப வேண்டாம். 2024 அக்டோபரில் தாக்குதலுக்குள்ளாகி அதுவும் சில நாட்கள் முடங்கியது. இன்னொரு படி வன்தட்டில். மற்றொன்று, பேசியவரின் வீட்டில்.

இந்தக் கடைசிப் படியை நான் வரலாற்றிலிருந்து மட்டும் கற்கவில்லை. பேத்தி அழைத்து ஏழெட்டு மாதங்களுக்குப் பின் தங்கவயலிலிருந்து மீண்டும் ஓர் அழைப்பு வந்தது. பெரியவரின் பழைய நண்பர் ஒருவர், உரையாடல் வெளிவந்த நாளிலேயே யாரிடமோ சொல்லி அதைத் தம் கைபேசியில் இறக்கி வைத்திருந்தாராம். ஒலித்தரம் குறைந்த கோப்பு. ஆய்வுக்குரிய ஒலிப்பகுப்பாய்வு அதில் இயலாது. சொற்கள் அனைத்தும் தெளிவாகக் கேட்கின்றன. மற்ற மூன்று உரையாடல்களும் இன்றுவரை கிடைக்கவில்லை.

1920களில் அந்த ஊர் ஓர் இதழை மீட்டது. இப்போது ஒரு குரலை மீட்டுத் தந்திருக்கிறது. இருமுறையும் அதைச் செய்தவர்கள் பெற்றவர்களே, வெளியிட்டவர்கள் அல்லர்.

இப்பதிவும் பிறர் தளத்தில்தான் இருக்கிறது. என் கணினியில் ஒரு படி வைத்துள்ளேன். பயன்படும் எனத் தோன்றினால் நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கவயல் ‘தமிழன்’ இதழ்கள் எவர் வீட்டிலேனும் இருப்பதாக அறிந்தால் தனிச்செய்தியில் தெரிவியுங்கள்; வந்து பார்த்து, உரியவரின் ஒப்புதலோடு படியெடுத்து, மூலத்தை அவர் கையிலேயே திருப்பித் தருவேன்.